ராட்னிக்கு வேகவைத்த கோதுமை

அயா மரீனா என்கிற கிரேக்கத் தீவு ஊரில் க்ளெனிஸ் விதவையானதற்குக் காரணம் ஒரு கறுப்புக் கவுன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கப்பலை விட்டு இறங்கிய நாளில் பெட்டிக்குள் கசங்காமல் இருந்தது அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு ஸ்டமாட்டியா கவுனைப் பார்த்தாள், மோதிரத்தைத் தொட்டாள், வானத்தைக் காட்டினாள். கிரேக்கத்தில் ஒரு வார்த்தை தெரியாத க்ளெனிஸ் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தாள். சாயங்காலமே ஒரு டின் ஆலிவ் எண்ணெய் வீடு தேடி வந்தது. அதற்கப்புறம், ‘அவர் இங்கிலாந்தில் சௌக்கியமாக இருக்கிறார், நான்தான் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன்’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஊர் அதோடு விடவில்லை. வருடா வருடம் நோன்புக்கு முந்திய ஆத்மாக்களின் சனிக்கிழமையில் ஸ்டமாட்டியா, செத்தவர்களுக்குப் படைக்கிற கோதுமையை, க்ளெனிஸின் புருஷன் ராட்னிக்கும் சேர்த்து வேகவைத்தாள். சர்க்கரை பரப்பி, பாதாமால் சிலுவை போட்டு, செத்தவர்கள் பெயர்ச்சீட்டில் அவன் பெயரையும் எழுதிப் பாதிரியாரிடம் கொடுத்தாள்.

இந்த வருடம் வினை டிவி வழியாக வந்தது. போன கோடையில் ஓர் இங்கிலீஷ் கம்பெனி துறைமுகத்தில் தொடர் எடுத்தது. தீவில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்கள், ஆளுக்கொரு ரகசியம், வாரத்துக்கொரு பிணம். நாலாவது வாரம் கதாநாயகி கண்ணீரோடு பொய் சொல்லும்போது, பின்னால் வெங்காயத்தாள் கூடையோடு நாலு வினாடி நடந்துபோனவள் க்ளெனிஸ். ராட்னிக்கு அது போதும். காபிக்கடைக்குப் போன் செய்து, தன் பெயரைக்கூடச் சொல்லாமல், அவளிடம் சொல்லச் சொன்னான்: சனிக்கிழமை பதினொரு மணிக் கப்பலில் வருகிறேன், பெட்டியைக் கட்டி வை.

ஓடுவதென்றால் தீவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் க்ளெனிஸ் இந்தத் தடவை ஓடுவதாக இல்லை. அவன் வாயால் ஊர் கேட்பதற்கு முன் தன் வாயால் கேட்கட்டும். எண்ணெய் நின்றாலும் சரி, முகம் திரும்பினாலும் சரி, இந்தத் தெருவை விட்டுக்கொடுப்பதில்லை.

சனிக்கிழமை காலை கோவிலில் பாதிரியார் லெஃப்டெரிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு பேரை அடிச்சிடுங்க. ராட்னி.”

“ஏம்மா?”

“அவர் சாகல. பதினொரு மணிக் கப்பல்ல வர்றார்.”

பாதிரியார் சீட்டைப் பார்த்தார். “ஒம்போது வருஷமா நாக்கு சுளுக்கிக்கிட்டுப் படிக்கிறேன். கப்பலேறி வர்ற அளவுக்கு ஆசீர்வாதம் வேலை செஞ்சிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஸ்டமாட்டியா கோதுமைத் தட்டைத் துணியால் மூடினாள்.

“அந்தாளுக்காக நான் அழுதிருக்கேன்டி.”

“தெரியும்.”

“என் புருஷனுக்கே அவ்வளவு அழல.”

“அதுவும் தெரியும்.”

“அடிப்பானா?”

“இல்ல. எந்தக் கோப்பையில டீ குடிக்கணும்னுகூட அவர்தான் சொல்வார். முப்பது வருஷம்.”

“மொதல் நாளே இதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“எண்ணெய் வந்துடுச்சே.”

ஸ்டமாட்டியாவின் உதடு லேசாகத் துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று க்ளெனிஸுக்குப் பிடிபடவில்லை.

“இப்ப அவன்கூடப் போகப்போறியா?”

“மாட்டேன்.”

“அப்ப நகரு.” ஸ்டமாட்டியா துணியை எடுத்துவிட்டுக் கோதுமையைக் காகிதப் பைகளில் அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

ராட்னி கப்பலிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “பெட்டி எங்க?”

“கட்டிலுக்கு அடியில. காலியா இருக்கு.”

“விளையாடாதே. ஒன்றரை மணிக் கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு.”

“ஒண்ணு போதும் உங்களுக்கு. நான் வரல. இது என் வீடு, இது என் ஊர்.”

அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஸ்டமாட்டியா அவன் கையில் ஒரு பையைத் திணித்தாள்.

“என்ன இது?”

“உங்களுக்குத் திவசம் பண்ணின கோதுமை,” என்றாள் க்ளெனிஸ். “வழியில சாப்பிடுங்க.”

ராட்னி நிமிர்ந்து பார்த்தான். ஸ்டமாட்டியாவுக்குப் பின்னால் கோவிலுக்கு வந்த பெண்கள் பதினெட்டுப் பேர் கறுப்புடையில் நின்றார்கள். சவப்பெட்டிக்குள் கிடப்பவனைப் பார்க்கிற அதே இரக்கத்தோடு எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் கோதுமைப் பையோடு டிக்கெட் கவுண்டர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஒன்றரை மணிக் கப்பல் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து இருவரும் மேடேறி வீட்டுக்குத் திரும்பினார்கள். க்ளெனிஸின் வாசலில் ஸ்டமாட்டியா நின்றாள்.

“மொதல்ல அந்தக் கறுப்பைக் கழட்டு. நீலம் கீலம் ஏதாவது வச்சிருக்கியா?”

“இருக்கு. ஒம்போது வருஷமாக் கசங்கிக் கெடக்கு.”

“இரு, இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டு வர்றேன்.”