குண்டு வைத்த அங்கி

உலக வரலாற்றில் இதுவரை எந்த ஆடை நிறுவனமும் எடுக்கத் துணியாத முடிவு ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாவது மாடியில், ஏசி வேலை செய்யாத கூட்ட அறையில் எடுக்கப்பட்டது. இனிமேல் தங்கள் மேடையில் நடக்கும் பெண்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அந்த முடிவு.

அறிக்கை இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. 'உடல்நல சாசனம்' என்று தலைப்பிட்டு, தங்க ஓரம் போட்ட காகிதத்தில், மனித மாண்பு, பெண்மையின் முழுமை, நாளைய தலைமுறை என்று ஆறு பத்தி சுற்றி வளைத்து, ஏழாவது பத்தியில்தான் விஷயத்துக்கு வந்தது. ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எந்த மாடலும் மேடை ஏற மாட்டாள். பத்திரிகைக்காரர்கள் கண்ணெதிரே, டாக்டர் மேற்பார்வையில், தராசில் ஏற்றி நிரூபிக்கப்படும். போன சீசனில் ஒரு பெண் நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி, முன்வரிசையிலிருந்த பெரிய மனுஷி ஒருத்தியின் மடியில் போய் விழுந்ததற்கும் இந்தச் சாசனத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நிறுவனம் தானாக முன்வந்து மறுத்தது. யாரும் கேட்டிருக்கவில்லை.

டைரக்டர் சாசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். மூடிய கண்ணோடு எப்படி வாசிக்கிறார் என்று யாரும் வியக்கவில்லை. எழுதியதும் அவரே, உருகியதும் அவரே.

"உடம்புதான் நாம போடற முதல் துணி," என்று முடித்தார். கை தட்டினார்கள்.

கடைசி வரிசையில் கழுத்தில் அளவு டேப்போடு உட்கார்ந்திருந்த மாஸ்டரம்மாவும் தட்டினாள். இருபத்தாறு வருடமாக அந்த நிறுவனத்தின் தையல் கூடம் அவள் கையில். டைரக்டர் காகிதத்தில் நாலு கோடு கிழித்து 'கடலின் துயரம்' என்று பேர் வைப்பார். அதற்குக் கை எங்கே, கழுத்து எங்கே என்று கண்டுபிடித்து வெட்டித் தைப்பது மாஸ்டரம்மாவின் வேலை. தட்டி முடித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"அப்ப கவுனோட இடுப்பை எல்லாம் விரிச்சுடவா சார்? தையலுக்குள்ள துணி விட்டு வெச்சிருக்கேன். ஒன்றரை இஞ்ச் தாராளமா வரும்."

டைரக்டர் கண்ணைத் திறந்தார்.

"துணி என்ன தப்பு பண்ணுச்சு, மாஸ்டரம்மா?"

அத்தோடு கூட்டம் கலைந்தது. அந்த சீசனின் பதினெட்டு கவுனும் இருபத்து மூன்று அங்குல இடுப்புக்கு ஏற்கெனவே தைத்து முடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மேடைக்கு வேண்டிய உயரத்துப் பெண் ஐம்பது கிலோ இருந்தால் கவுன் ஏறாது. கவுன் ஏறினால் அவள் ஐம்பது கிலோ இருக்க முடியாது. இந்தக் கணக்கு கூட்டத்திலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு பலமாகத் தட்டினார்கள்.

மறுநாள் மேனேஜர் தையல் கூடத்துக்கு வந்தார். எந்தச் சிக்கலையும் அவிழ்க்கத் தெரியாதவர். ஆனால் அதன் மேல் விரிப்பு போட்டு, பூச்சாடி வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"மாஸ்டரம்மா, நம்மகிட்ட குண்டு எவ்வளவு இருக்கு?"

குண்டு என்றால் ஈயக் குண்டு. சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். கவுனின் கீழ் மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்தால், துணி காற்றுக்குப் பறக்காமல் நேராக விழும்.

"டப்பா டப்பாவா இருக்கு. எதுக்கு?"

"எடை பார்க்கறப்ப பொண்ணுங்க வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு நிப்பாங்க. அதுல வெச்சுத் தெச்சுடுங்க. ஆளுக்கு ஆறு கிலோ."

"ஆறு கிலோவா! அங்கியா சார் அது, நங்கூரமா?"

"கீழ் மடிப்புல கொஞ்சம், இடுப்பு நாடாவுல கொஞ்சம், காலர்ல கொஞ்சம். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? அஞ்சு பேரு, அஞ்சு அங்கி. உங்க குண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர் சொன்ன 'உங்க குண்டு' ஈயத்தால் ஆனதல்ல. மாஸ்டரம்மாவின் தங்கை மகள். பிறந்தபோது நாலே கால் கிலோ. நர்ஸ் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு, "குண்டு பாப்பா" என்று தாயின் கையில் கொடுத்தாள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இருபது வயதில், கை கழுவினால் வளையல் கழன்று தொட்டியில் விழும் நிலையிலும், வீட்டில் அவள் குண்டுதான். நிறுவனத்திலும் அது பரவி, எல்லோருக்கும் நல்ல ஜோக்காகப் பயன்பட்டது.

அவளை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்ததே மாஸ்டரம்மாதான். பதினாறு வயதில், ஒரு சாம்பிள் கவுனைப் போட்டுப் பார்க்க ஆள் இல்லாமல், "சும்மா வந்து நில்லுடி, அஞ்சு நிமிஷம்" என்று நிற்க வைத்தாள். இடுப்பில் டேப்பைச் சுற்றி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, தொழில் பழக்கத்தில், "ஒரு இஞ்ச் குறைஞ்சா கச்சிதமா இருக்கும்" என்றாள். துணியைச் சொல்கிறாளா பெண்ணைச் சொல்கிறாளா என்று அவளே யோசித்திருக்கவில்லை. பெண் யோசித்திருந்தாள். அன்று குறைய ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

தங்கை தினமும் போன் செய்வாள். "அக்கா, சாப்பிடறாளா?"

"சாப்பிடறா, சாப்பிடறா."

அது பொய்யும் இல்லை. நேற்று மதியம் குண்டு ஒரு முட்டையை எடுத்து, மஞ்சள் கருவை ஒதுக்கி, வெள்ளையை எட்டாக நறுக்கி, நாலு துண்டு சாப்பிட்டதை மாஸ்டரம்மா கண்ணால் பார்த்தாள். அளவு எடுக்கும்போது பெண்ணின் விரல்கள் ஜில்லென்றிருந்தன. முன்கையில் பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல் பூனை முடி முளைத்திருந்தது.

"என்னடி இது?"

"குளிருது இல்ல பெரியம்மா, அதுக்கு உடம்பு தானே ஸ்வெட்டர் பின்னிக்குது. உனக்கு வேலை மிச்சம்."

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவளை என்ன செய்வது? மாஸ்டரம்மா திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், தட்டோடு பின்னாலேயே அலைந்து பார்த்தாள். டாக்டரிடம் இழுத்துப் போனதற்கு, "என் வேலையைக் கெடுக்கத்தான் வந்தியா?" என்று கேட்டு குண்டு ஒரு மாதம் பேசாமலிருந்தாள்.

நாலு அங்கிகளுக்குக் குண்டு வைத்துத் தைத்துவிட்டு ஐந்தாவதை எடுத்தபோதுதான் மாஸ்டரம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. இதில் வைக்காவிட்டால்? தராசு உண்மையைச் சொல்லும். பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டால் டைரக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது. எடை போதாது என்று வெளியே அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பினால் வீட்டுக்குத்தானே போவாள்? அங்கே அம்மா அவள் முன்னால் தட்டு வைப்பாள். பெண் அழுவாள், ஆறு மாதம் பெரியம்மா முகத்தில் விழிக்க மாட்டாள். விழிக்காவிட்டால் போகிறது. அந்தச் சாசனம் எழுதியவருக்கே தெரியாமல் ஒரே ஒரு பெண்ணுக்காவது நிஜமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாவது அங்கியின் மடிப்பைக் காலியாகத் தைத்து, உள்ளே ஒரு 'கு' போட்டு அடையாளம் வைத்தாள்.

எடை நிறுக்கும் விழா வெள்ளிக்கிழமை. மேடையில் நீல வெல்வெட் விரிப்பின் மேல் தராசு, பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் டாக்டர். அவர் டைரக்டரின் மச்சினர், பல் டாக்டர். பல்லும் உடம்பில்தானே இருக்கிறது என்று மேனேஜர் விளக்கம் வைத்திருந்தார், கேட்டால் சொல்ல.

திரைக்குப் பின்னால் மாஸ்டரம்மா அங்கிகளை மாட்டிவிட்டாள். நாலு பெண்கள் கூன் போட்டு நின்றார்கள். குண்டுவும் கூன் போட்டாள்.

"செம கனம் பெரியம்மா. நல்லாத்தான் நெரப்பியிருக்க."

வெறும் துணி அது. ஒரு துண்டு ஈயம் கிடையாது.

முதல் பெண் ஏறினாள். பல் டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார்: "ஐம்பத்தேழு கிலோ நானூறு கிராம்!"

கேமராக்கள் மின்னின. டைரக்டரின் புன்னகை அப்படியே உறைந்தது. இரண்டாவது பெண் ஐம்பத்தெட்டு. மூன்றாவது ஐம்பத்தேழு. நான்காவது ஐம்பத்தெட்டே முக்கால். டைரக்டருக்கு வியர்த்தது. ஆரோக்கியத்தைக் கேட்டாரே தவிர, இவ்வளவு ஆரோக்கியத்தை அவர் கேட்கவில்லை.

குண்டு ஏறினாள். மாஸ்டரம்மா திரைச்சீலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஐம்பது கிலோ நூறு கிராம்!"

டைரக்டர் பாய்ந்து வந்து குண்டுவின் கையைப் பிடித்து உயர்த்தினார். "இதோ! இதுதான் ஆரோக்கியத்தோட அளவு!"

மாஸ்டரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. குண்டே வைக்காமல் ஐம்பது! அப்படியானால் பெண் சாப்பிடுகிறாள். யாருக்கும் தெரியாமல், வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கேயோ ஒளிந்து சாப்பிடுகிறாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. திரைக்குப் பின்னால் வந்த பெண்ணை அப்படியே கட்டிக்கொண்டாள். மனசு நிறைந்துவிட்டால் வாய் சும்மா இருக்குமா?

"என் கண்ணே, உன் அங்கியில நான் குண்டே வெக்கலடி! இங்க பாரு, மடிப்பு காலி! அவ்வளவும் நீதான். சொந்தமா ஐம்பது கிலோ!"

குண்டு மடிப்பைத் தடவிப் பார்த்தாள். நாடாவைத் தடவினாள். காலரைத் தடவினாள். அவள் முகத்தில் கொஞ்சநஞ்சம் இருந்த நிறமும் போயிற்று.

"நானா? ஐம்பதா?"

"ஆமாண்டி!"

"வீட்டுல பார்த்தா நாப்பத்து நாலுன்னு காட்டுச்சே. அப்ப வீட்டு மெஷின் பொய்யா?" பெண் தன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "ஆறு கிலோ. எனக்குத் தெரியாமலே ஆறு கிலோ ஏறியிருக்கு."

அவள் ஓடி ஒப்பனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். மாஸ்டரம்மா பின்னாலேயே போவதற்குள் மேனேஜர் வந்து வழிமறித்தார்.

"கழுத்தறுத்துட்டீங்களே மாஸ்டரம்மா! எதுக்கு அங்கியில குண்டு வெச்சீங்க?"

"நீங்கதானே சார் வெக்கச் சொன்னீங்க?"

"அது புதன்கிழமை! எவனாவது அங்கியைத் தூக்கிப் பார்த்துட்டா மானம் போயிடுமேன்னு நேத்து தராசையே ஆறு கிலோ கூட்டித் திருகி வெச்சுட்டேன்."

"எங்கிட்ட சொன்னீங்களா?"

மேனேஜர் யோசித்தார். "சொல்லணும்னு நெனச்சேன்."

மாஸ்டரம்மா ஒப்பனை அறைக் கதவைத் தட்டினாள். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால்.

"குண்டு! தராசு தப்புடி! ஆறு கிலோ கூட்டி வெச்சிருக்கான் அந்தப் பாவி! நீ நாப்பத்து நாலுதான்டி!"

உள்ளேயிருந்து நிதானமான குரல் வந்தது. "பெரியம்மா, காலையில குண்டு வெச்ச மாதிரியே மாட்டிவிட்ட. அப்புறம் வெக்கலன்ன. இப்ப தராசு தப்புங்கற. இதுல எதை நான் நம்பணும்?"

"இப்ப சொல்றதை நம்பு!"

"நான் சாப்பிடணும்னு நீ என்ன வேணா சொல்லுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் வினை. கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி, கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளி, "நீயே அளந்து பாரு" என்றாள் மாஸ்டரம்மா. கொஞ்ச நேரம் கழித்து டேப் அதே இடுக்கு வழியாக வெளியே வந்தது.

"இது உன் டேப்தானே," என்றது குரல்.

டைரக்டரிடம் மேனேஜர் நடந்ததைச் சொல்லத்தான் செய்தார். டைரக்டர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "பேப்பர்ல வந்த எடை வந்ததுதான். ஐம்பத்தெட்டு கிலோ பொண்ணை வெச்சு நான் துணி காட்டினேன்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது." நாலு பெண்களும் அன்றைக்கே அனுப்பப்பட்டார்கள். அதில் ஒருத்தி வாசலைத் தாண்டியதும் எதிர்க் கடையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கினாள். மாஸ்டரம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் குண்டு வைத்துத் தைத்த நாலு பேரும் தப்பித்துவிட்டார்கள் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

குண்டு நிறுவனத்தின் 'ஆரோக்கிய முகம்' ஆனாள். சாலை முழுக்க அவள் படம். கீழே, ஐம்பது கிலோ நூறு கிராம் என்று பெரிய எழுத்தில். தங்கை போனில் பூரித்துப் போனாள். "அக்கா, பார்த்தேன்! ஐம்பதாமே! நீ பக்கத்துல இருக்கறதாலதான்க்கா."

"ம்," என்றாள் மாஸ்டரம்மா.

மூன்று வாரம் கழித்து, மேடைக்கு முந்தின நாள், கடைசிக் கவுனைப் போட்டுப் பார்க்க குண்டு வந்தாள். இருபத்து மூன்று அங்குல இடுப்பு சரிந்து இடுப்பெலும்பில் போய் நின்றது. மாஸ்டரம்மா டேப்பைச் சுற்றினாள். இருபத்திரண்டு. தப்பாக இருக்கும் என்று இன்னொரு தடவை சுற்றினாள்.

"எவ்வளவு பெரியம்மா?"

"இருபது," என்றாள் மாஸ்டரம்மா, இளைத்ததைச் சொல்லிப் பயமுறுத்த நினைத்தவள்போல. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லடி, இருபத்திரண்டு. சத்தியமா இருபத்திரண்டு."

பெண் சிரித்தாள். "பார்த்தியா, மறுபடி."

அவள் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சாசனமும் அந்தக் கண்ணாடியில் இடவலம் மாறிய எழுத்தில் தெரிந்தது. டைரக்டர் உள்ளே வந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, தொங்கிய துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"இவளைப் பாருங்க மாஸ்டரம்மா, ஆரோக்கியமே உருவா வந்த மாதிரி. இனிமே எல்லாத்துக்கும் இவ அளவுதான்."

அடுத்த சீசன் கவுன்களை மாஸ்டரம்மா இருபத்திரண்டு அங்குலத்துக்கு வெட்டினாள்.