ப்ராசஸரைக் கழற்றிப் பார்த்தேன்

என் மருமகள் போட்டோ எடுக்கிறவள். எடுப்பதைவிடத் திருத்துவதுதான் அவளுக்கு அதிக வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக நிறுத்தி எடுத்துக்கொண்டு வருவாள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, மூடின கண்ணைத் திறப்பாள், சட்டையிலிருக்கும் கறையை எடுப்பாள். பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். அதனால் தனித்தனியாகச் சாமான் வாங்கிப் புதுசாக ஒன்று பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள். மகனுக்கு வெளியூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். துணை என்ன துணை, கடைக்காரன் ஏமாற்றுகிறானா என்று பார்க்கத்தான் போனேன்.

அந்தக் கடையில் கம்ப்யூட்டர் பூட்டுவது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். உடம்பிலிருக்கிற மின்சாரம் சாமானைக் கெடுத்துவிடாமலிருக்க, மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை மேசையில் மாட்டிக்கொண்டுதான் எந்தச் சாமானையும் தொடுவாள். அதனால் முதலாளி அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். மூன்று வருஷம் கவுன்ட்டரில் மவுஸும் வயரும் விற்றவளாம். கேட்டுக் கேட்டு, நான்கு மாதம் முன்புதான் பூட்டுகிற பெஞ்சுக்கு வந்தாளாம். இதுவரை பூட்டினதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று முதலாளியே சொன்னார். "ஒண்ணு திரும்பி வரட்டும், மறுபடி கவுன்ட்டர்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மருமகள் பதினாறு கோர் உள்ள பெரிய ப்ராசஸரைக் கேட்டாள். ப்ராசஸர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை, கோர் என்பது அதற்குள் வேலை செய்கிற ஆட்கள் மாதிரி என்று வரும் வழியிலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். படம் திருத்துகிற வேலைக்கு ஆள் நிறையத் தேவையில்லையாம், இருக்கிற ஆள் வேகமாக ஓடினால் போதுமாம். பதினாறு பேரைக் கூட்டி வந்தால் பாதிப்பேர் கை கட்டி நிற்பார்களாம். எட்டுக் கோர் உள்ளதை எடுத்துக்கொண்டு, மிச்சமாகிற காசை மெமரியிலும் நல்ல திரையிலும் போடச் சொன்னாள்.

எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது. கடைக்காரர் தானாக முன்வந்து விலை குறைந்ததை எடு என்று சொன்னால், விற்காமல் கிடப்பதை நம் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். மருமகளின் முழங்கையை இடித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. எட்டுக் கோரே போதும் என்றாள்.

அந்தப் பெண் பூட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். நடுவில் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குள் ப்ராசஸரை வைத்து, அதன்மேல் சூட்டைத் தணிக்கிற விசிறிக் கட்டையைத் திருகி மூடிவிட்டாள். அட்டைப்பெட்டியில் ஒன்று, உள்ளே ஒன்று என்றால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழைய கம்ப்ரஸருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, புதுசு என்று சொல்லிப் போட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. மூடிக் கிடக்கிற சாமானை எந்த வீட்டுக்காரரும் கழற்றிப் பார்க்கமாட்டார். இது என் மகனுக்குத் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் கைராசிக்காரன்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பறந்தது. அதை நான் மறுக்கவில்லை. ப்ராசஸரின் பெயரைத் திரையில் எடுத்துக் காட்டி, இப்போதாவது நம்புகிறீர்களா மாமா என்று மருமகள் கேட்டாள். திரை எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லும். நானே எத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் அவள் இன்னொரு பள்ளிக்குப் போட்டோ எடுக்கப் போனாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். விசிறிக் கட்டைக்கு நான்கு திருகு. கழற்றி மேலே இழுத்தேன், வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். ப்ராசஸரும் சேர்ந்தே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை, அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து, மஞ்சள் துணியால் அழுத்தித் துடைத்தேன். எழுத்து தெரிந்தது. ஆங்கிலம் எனக்கு வாசிக்க வராது, எண் வரும். பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன்.

எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெண் சொன்னதைத்தான் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

திருப்பி வைத்தபோது உள்ளே இறங்கவில்லை. அடியில் ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கில் கம்பி. கட்டைவிரலால் அழுத்தினேன். ஏதோ நொறுங்கின மாதிரி சத்தம் கேட்டது. மேலே விசிறியை வைத்துத் திருகி மூடினேன்.

சாயங்காலம் மருமகள் கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். நான் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு முகத்தை மறைத்திருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

காலையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண் பட்டையைக் கட்டிக்கொண்டு திறந்தாள். விசிறியைத் தூக்கினதுமே கை நின்றுவிட்டது. ப்ராசஸரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு மூலையில் ஊசிகள் பல்லைக் கடித்த மாதிரி மடங்கிக் கிடந்தன. பசையைக் காணோம். ஓரத்தில் மஞ்சளாக இரண்டு நூல். அதைச் சின்ன இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள்.

"இத யாரோ கழட்டியிருக்காங்க சார். சூடு எறங்கறதுக்கு நான் வெச்ச பேஸ்ட்டே இல்ல."

முதலாளி எங்களைப் பார்த்தார். மருமகளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

"யாரு கழட்டுவாங்க? வீட்ல நானும் மாமாவும்தான். அவரு நாப்பது வருஷமா மெக்கானிக். அவரு கைபட்டு ஒரு சாமான் கெட்டதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. உங்க தப்ப அவர் தலைல போடாதீங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய விலைப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றேன். ஆங்கிலப் பலகை.

முதலாளி வாடிக்கைக்காரரை விட மனசில்லாதவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு ப்ராசஸரைத் தன் கையாலேயே பூட்டினார். பட்டையைக் கழற்றிக் கொடுக்கும்படி அவளிடம் கையை நீட்டினார். அவள் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனாள். அங்கே ஒருவர் சார்ஜர் வயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. பிள்ளைகளின் படமெல்லாம் திருத்தி முடிந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அன்றைக்குக் கடையில் நான் சும்மா நின்றதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கம்ப்ரஸருக்குப் பெயின்ட் அடித்த நாளில்கூட நன்றாகத் தூங்கினவன் நான்.

ஐந்தாம் நாள், மருமகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்று சொல்லிவிட்டேன். கழற்றினது, துடைத்தது, அழுத்தினது, எல்லாம். அவள் திரும்பவில்லை. மவுஸின் மேலிருந்த கை மட்டும் நின்றது.

"அன்னிக்கு நான் பேசறப்ப பக்கத்துலதானே மாமா நின்னீங்க?"

"ஆமாம்மா."

"செருப்ப மாட்டுங்க. கடைக்குப் போலாம்."

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் நான் முதலாளியிடம் சொன்னேன். குரல் அடங்கிப் போயிருந்ததால், என்ன என்று அவர் இரண்டாம் தடவை கேட்டார். சத்தமாகச் சொன்னேன். அவருக்கு என்னைத் திட்டவா சிரிக்கவா என்று தெரியவில்லை. வயசானவர், போகட்டும் என்றார். போகக்கூடாது சார் என்றாள் மருமகள். உடைந்த ப்ராசஸருக்கு உண்டான பணத்தை மேசையில் வைத்துவிட்டு, கவுன்ட்டர் பக்கம் போய் அந்தப் பெண்ணிடம் தழைந்த குரலில் ஏதோ சொன்னாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நம்பர் பாக்கத்தானே கழட்டினீங்க?"

"ஆமாம்மா."

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நான் ஏமாத்தலன்னு உங்களுக்கு மட்டும் அன்னிக்கே தெரியும்."

கூட்டத்தில் யாரோ இருமினார். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கு வாத்தியார் விடையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினேன். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதிரில் நின்றவருக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். முதலாளி பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டினார். கவுன்ட்டருக்கு வேறு ஆள் வந்த பிறகுதான் அவள் எழுந்து போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மருமகள் முதலில் ஏறி, எனக்கு ஜன்னலோரம் இடம் பார்த்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். வீடு வரும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தாள். என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.