நாலாம் வரிசைப் பிடரி

"இரும்புப் பாரைத் தோள்ல போட்டு உக்காந்து எந்திரிக்கிறது உங்களுக்கு வேண்டாம்ண்ணே," என்றாள் ரெமே. திரியானாப் பாலத்துக்குப் பக்கத்து ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவள். "முதுகு ஏற்கெனவே தேஞ்சு கிடக்கு. ஒரு காலைப் பின்னால பெஞ்சுல வச்சு, கையில டம்பெல்லோட ஒத்தக்கால் ஸ்குவாட் போடுங்க. தொடையும் தேறும், முதுகும் தப்பிக்கும்."

"சப்பரத்துக்கு அடியில ஒத்தக்கால்ல நிக்க நான் என்ன கொக்கா?" என்றார் பெனீத்தோ.

கேட்கிற ஆளா அவர்? புனித வாரத்தில் மாதா சப்பரத்தை அடியில் நின்று பிடரியால் சுமக்க வேண்டும். குந்திய நிலையிலிருந்து எல்லாரும் ஒரே எம்பில் தூக்குவார்கள். ஒரு வரிசைக்கு ஒரே உயரம்; அதற்காக முன்கூட்டியே பிடரி உயரத்தை அளந்துதான் ஆளை நிறுத்துவார்கள். ஒருவன் விரல்கடை தாழ்ந்தாலும் அவன் பாரம் பக்கத்து ஆள் கழுத்தில் விழும். நாலாம் வரிசையில் பெனீத்தோவின் பக்கத்து ஆள் அவர் தம்பி கஸ்பார்.

இருவருக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. அம்மாவைப் பெனீத்தோ முதியோர் இல்லத்தில் சேர்த்தார். கொஞ்ச நாளிலேயே அங்கே செத்துப்போனாள். அதிலிருந்து தெருவில் பார்த்தாலும் கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சப்பரத்துக்கு அடியில் மட்டும் தோளோடு தோள் உரசும். பெனீத்தோவுக்கு மிஞ்சியிருந்த தம்பி அவ்வளவுதான். போன வருஷம் எம்பும்போது முழங்கால் வெலவெலத்துவிட்டது. இந்த வருஷமும் அப்படி ஆனால் அந்த இடமும் போச்சு.

அதனால் சப்பரம் மாதிரியே இருக்கிறது என்று பாரையே பிடித்துக்கொண்டார். தொடை தேறியது, பொய் சொல்லக்கூடாது.

"அளவெடுக்கிற அன்னிக்காவது பார் பக்கம் வராதீங்க," என்று ரெமே தலையில் அடித்துக்கொண்டாள். "முதுகெலும்பு அமுங்கி உயரம் குறையும்."

"அமுங்குறதுக்கு நான் என்ன பஞ்சு மெத்தையா?"

அன்று காலையிலும் போனார், கிறுக்கு மனுஷன். பயம் வேறென்ன செய்யும்? முழங்காலைச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எடையைக் கூட்டிக் கூட்டித் தூக்கினார்.

சாயங்காலம் சப்பரச் சபையின் மண்டபத்தில், தூக்குகிறவர்களை நடத்தும் மேஸ்திரி அன்செல்மோ உயரம் பார்க்க வரிசையாகப் பிடரிகளைத் தடவிக்கொண்டே வந்தார். கஸ்பாரைத் தாண்டியதும் கை இறங்கியது.

"நிமிர்ந்து நில்லுய்யா."

"நிமிர்ந்துதான் நிக்கிறேன்."

"விரல்கடை குறையுதே!"

பெனீத்தோ கழுத்தை நீட்டினார். "காலையில பார் தூக்கிட்டேன் மேஸ்திரி. நாளைக்குச் சரியாயிடும்." சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அன்செல்மோ சிரிக்கவில்லை. "பிடரியில வைக்கிற தலைத்துணிச் சுருளைத் தடிமனாக் கட்டினா ஈடுகட்டிரலாம். ஆனா அது நழுவிச்சுன்னா பாரம் பக்கத்து ஆளுக்கு. அவன் சம்மதிக்கணும்." திரும்பினார். "என்ன கஸ்பார், அண்ணனை வச்சுக்கலாமா?"

கஸ்பார் அண்ணனை நேருக்கு நேர் பார்த்தார். எத்தனை காலம் கழித்து! பெனீத்தோவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. சரி என்று ஒரு சொல் போதும், காலம் பூராவும் ஒத்தக்காலில்கூட நிற்பார்.

"வேண்டாம் மேஸ்திரி," என்றார் கஸ்பார். "அம்மாவையே பாரம்னு இறக்கி வச்ச ஆளு. என் கழுத்தை இவரை நம்பி வைக்க முடியாது."

மேஸ்திரி கையைக் காட்டினார். பெனீத்தோ குட்டையானவர்கள் நிற்கிற பின்வரிசைக்குப் போய் நின்றார். அங்கே உயரம் கச்சிதமாகப் பொருந்தியது.