மாநாடு படியிறங்கியது

1

ஒட்டுக்கேட்டுக் கிடைத்த கதை இது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே மன்றக் கட்டடம் இருந்தால் நான் என்ன செய்ய? காதைக் கழற்றியா வைக்க முடியும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நான்கு நாடுகளின் கூட்டமைப்பு, எளியவரின் உரிமைக்குரலை..." அடித்துவிட்டேன். அது மாநாட்டுக்காரர்கள் வாசலில் கட்டிய துணிப்பதாகையிலேயே எழுதியிருந்தது. அடுத்து: "ஜனவரிக் கோடை வெயில் பரானா ஆற்றின் மேல்..." வெயிலா கதை? கதை, சுனில்தா.

2

எங்கள் பேட்டையின் பிரதிநிதி அவள். சக்கர நாற்காலிக்காரி, வாய் அதைவிட வேகமாக உருளும். யாரும் ஒதுக்கப்படாமல் பங்கேற்க வழி தேடும் மாநாடு, மாடியில். லிஃப்ட் கிடையாது. (நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று திட்டியிருப்பீர்கள்.)

படியேற முடியாதவர் நுழைய முடியாத இடத்தில் இனி எந்தக் கூட்டமும் கூடாது என்பது அவளுடைய தீர்மானம். பெயர் கூப்பிடும்போது அவையில் இல்லாவிட்டால் அவள் ஓட்டு மாற்று உறுப்பினர் எலிகியோவுக்குப் போய்விடும். மன்றத்தை வாடகைக்கு விடுகிறவரே அவர்தான்.

"அக்கா, நாலு பேர் தூக்கிட்டுப் போயிடறோம்," என்றார் எலிகியோ.

"தூக்கிட்டுப் போக நான் என்ன சோபாவா? நானா உருண்டு வர்ற இடத்துல கூட்டத்தை வை."

"எல்லாரும் மேல உக்காந்துட்டாங்களே!"

"உக்காரட்டும். தாகம் எடுக்காமலா போயிடும்?"

[கடைசி வரி அவள் சொன்னதா, நான் ஒட்டவைத்ததா? அவள் திட்டம் போட்டாளா, வெறுமனே தாகமா? மனசுக்குள் எட்டிப் பார்த்தேன், கதவைச் சாத்திவிட்டாள்.]

3

மாடியில் ஐஸ் இல்லை. ஐஸ் தண்ணீர்க் குடுவை இல்லாமல் இந்த ஊரில் யார் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்று அமைப்பாளர்கள் இருந்துவிட்டார்கள். மாநாட்டில் தராமலா இருப்பார்கள் என்று உள்ளூரார் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். பச்சிலையைச் சூடாகவே ஊறவைத்துக் குடிக்கும் உருகுவேக்காரர்களிடம் இருந்ததோ வெந்நீர்.

கீழே மர நிழலில் சுனில்தா குடுவையைத் திறந்தாள். பச்சிலை அடைத்த கொம்புக் குவளையில் ஐஸ் தண்ணீர் விழுந்தது. எங்கள் ஊரின் குளிர்ந்த பச்சிலைப் பானம், தெரேரே! எனக்கே நாக்கில் நீர் ஊறியது.

முதலில் ஒரு பிரேசில் பெண் இறங்கினாள். பிறகு இரண்டு அர்ஜென்டினாத் தொழிற்சங்கத்தார். அவர்களைத் திருப்பி அழைக்க வந்த எலிகியோவும் கை நீட்டினார்.

"மேல கொண்டுபோய்க் குடிச்சிட்டுத் தரேனே..."

"குவளைக்குக் கால் முளைச்சிருக்கா? நின்னு குடி. என் கையில குடு."

ஊற்றியவர் கைக்கே குவளை திரும்ப வேண்டும் என்பது தெரேரே வழக்கம். அதை மீற அவருக்கும் துணிச்சல் இல்லை. குடித்தவர்கள் அடுத்த சுற்றுக்கு நின்றார்கள்.

4

சோகமான முடிவு ஒன்று தயாராக வைத்திருந்தேன்: "வெறிச்சோடிய வாசலில் அவள் தனியாக..." கிழித்துவிட்டேன். நடந்தது என்னவென்றால், தலைமை தாங்கிய உருகுவே அம்மா மிர்த்தாவும் இறங்கி வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மேல வெறும் நாற்காலிங்கதான் மிச்சம். அவை இங்கதான் இருக்கு," என்று பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

"சுனில்தா?"

"இருக்கேன்! இருக்கேன்!"

அப்பாடா. நான் கைதட்டி, ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தீர்மானத்துக்கு ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. முடிவு செய்ய மிச்சம் தலைவர் மிர்த்தாவின் கைதான். அது தோள்வரை எழுந்தபோது, பாழாய்ப்போன பேருந்து என் ஜன்னலுக்கும் அவர்களுக்கும் குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்ததும் பார்த்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எலிகியோ உட்பட. அது எந்தச் சிரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்துதானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்: கை முழுக்க உயர்ந்ததா?