கண்ணாடி இல்லாத ஒரு சாண்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முதலியார்பேட்டையில் எந்தத் தெருவில் கேட்டாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சிலிண்டர் போடுகிற நெடுமாறனா, அந்த முன்கோபக்காரனா என்பார்கள். மில் மூடினதிலிருந்து எனக்கு இந்த வேலைதான். மூணாவது மாடிக்குச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, "இன்னிக்கு வேணாம்பா, நாளைக்குக் கொண்டா" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் முன்கோபம் வரும்.

என் மகள் பூவிழி பிளஸ் டூ படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, ஒரு டிரஸ்ட்டுல நர்சிங் படிக்க வெக்கிறாங்களாம். எங்க ஸ்கூல்ல ஒரே ஒரு பொண்ணுக்குத்தான். மிஸ்ஸு என் பேரச் சொல்லியிருக்காங்க. கொரோனா அப்பக்கூட விடாம படிச்ச பொண்ணுன்னு ஸ்கூல்ல எழுதித் தருவாங்க. இந்தக் கட்டத்த மட்டும் நீ எழுதணும்."

நர்ஸ் ஆசை அவளுக்கு அம்மாவால் வந்தது. என் மனைவி வீராயி கதிர்காமம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். கொரோனா வார்டிலும் அவள்தான் பெருக்கித் துடைத்தாள். ரெண்டு வாரம் அங்கேயே தங்கல், ஒரு வாரம் வீடு. வரும்போதெல்லாம் நர்சுகளைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் அதுவே ஆசையாகிவிட்டது.

படிவத்தைப் பார்த்தேன். 'கொரோனா காலத்தில் மாணவி சந்தித்த தடைகள்' என்று ஒரு பெரிய கட்டம். 'செல்போன் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பூவிழி அதைப் படித்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு மடித்து வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று வீராயிக்கு டியூட்டி, நான்தான் போனேன். வகுப்பு டீச்சர் கவிநிலா இந்த வருஷம்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவர், சின்ன வயசு. மார்க் பட்டியலைப் பிரிப்பார் என்று பார்த்தால், வேறு விஷயம் பேசினார்.

"இந்தப் பிள்ளைங்க பத்தாவது பரீட்சையே எழுதல. கொரோனா பேட்ச், சும்மா பாஸ் போட்ட பேட்ச்னு போற எடத்துலல்லாம் கேலி பண்றாங்க. அந்த வருஷம் அவங்க எப்படிப் படிச்சாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அவங்களும் கேக்கட்டும்."

பிள்ளைகள் வராந்தாவில் ஜன்னலை ஒட்டி நின்றார்கள். பூவிழியும் அங்கேதான் நின்றாள்.

முதலில் டீக்கடை வெற்றிவேல் எழுந்தார். "எங்க வீட்டாண்ட டவர் கிடைக்காதுங்க. என் பொண்ணு மொட்டமாடி தண்ணித் தொட்டி மேல ஏறி ஒக்காந்துதான் கிளாஸ் கேட்டா. 'எறங்குடி, வுழுந்துடப் போற'ன்னு கீழருந்து கத்துவேன். 'கத்தாதப்பா, மிஸ்ஸுக்குக் கேக்குது'ன்னுவா." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின் வரிசையில் ஓர் அம்மா. அவர் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாசமும் பெண்தான் சமைத்திருக்கிறாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கணக்குப் புத்தகம். "அந்தப் புக்கு இன்னும் வெச்சிருக்கேன். தொறந்தா சாம்பார் வாசம் அடிக்கும்" என்றார். அடேயப்பா, எங்கள் பிள்ளைகளா இவர்கள்! தினம் விடிந்தால் 'போன நோண்டாத, சோம்பேறி' என்று திட்டு வாங்குகிற இதுகளா! நான் பலமாகக் கை தட்டினேன்.

கை தட்டும்போது ரெண்டு வரிசை தள்ளி அல்போன்ஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அல்போன்ஸ் என் பக்கத்து வீட்டுக்காரன், தையல்காரன். அவன் மகள் ஜாஸ்லினும் இதே வகுப்பு. அவன் வீட்டு முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி என் வீட்டுக்குள் வந்து, துணி, பாய், தட்டு ஒன்று விடவில்லை. கொரோனாவுக்கு முந்தின வருஷம் நான் கேட்காமல் கொள்ளாமல் ஒரு கிளையை வெட்டிவிட்டேன். அவன் கத்தினான், நான் அதைவிடக் கத்தினேன். மறுநாளே நடுச்சுவரை ரெண்டடி உயர்த்தி, மேலே சிமெண்ட் போட்டுக் கண்ணாடித் துண்டைப் பதித்தேன். நம் ஊரில் பாட்டிலுக்கா பஞ்சம்! ஒரே சாயங்காலத்தில் ஒரு கோணி சேர்ந்துவிட்டது. அன்றோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கவிநிலா டீச்சர் பழைய வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "பூவிழி அப்பா, நீங்க ரொம்பப் பெருமைப்படணும். பத்தாவது ஆன்லைன் கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரு நாள்கூட லீவு போடாதவங்க ரெண்டே பேர்தான். ஜாஸ்லினும் பூவிழியும்."

"தப்புங்க" என்றேன்.

"என்னங்க?"

எழுந்தே விட்டேன். "எங்க வீட்ல இருக்கிறது ஒரே போனு. அது பகல் பூரா என் சட்டப் பையில. ஓடிபி நம்பர் போடாம சிலிண்டர் எறக்க முடியாதுங்க. என் பொண்ணு ஒரு கிளாஸ்கூட பாக்கல. புக்க வெச்சிக்கினு தானாவே படிச்சா. யாரோ இல்லாதத எழுதி வெச்சிருக்காங்க. என் பொண்ணுக்கு அந்தப் பொய்யெல்லாம் வேணாம்."

நான் என்னவோ மகளைப் புகழ்ந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். டீச்சரின் முகம் மாறினது அப்புறம்தான் தெரிந்தது.

"சார், இந்த அட்டெண்டன்ச வெச்சுத்தான் டிரஸ்ட் படிவத்துல ஹெச்.எம். கையெழுத்தே போட்டாங்க. அப்ப இருந்த மிஸ் காரைக்காலுக்கு மாத்தலாகிப் போய்ட்டாங்க. இது தப்புன்னு நீங்களே சொன்னா, பூவிழி பேர எப்படி அனுப்புறது? வேற பொண்ணத்தான் பாக்கணும்."

ஜன்னலைப் பார்த்தேன். பூவிழி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாவி, ஒரு நிமிஷத்தில் என் மகளின் படிப்பில் நானே கல்லைப் போட்டுவிட்டேன்.

அப்போது அல்போன்ஸ் எழுந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரிஜிஸ்டர்ல இருக்கிறது சரிதாங்க மிஸ். அந்தப் பொண்ணு தெனம் கிளாசுக்கு வந்துச்சு. நான் சாட்சி. காரைக்காலுக்கு போன் போட்டு அந்த மிஸ்ஸையும் கேட்டுக்குங்க, அவங்களுக்கும் தெரியும்."

"எங்க வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க வீட்டு செவுத்துக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அல்போன்ஸ் சிரிக்கவில்லை.

"பாரிசுல இருக்கிற என் அக்கா ஜாஸ்லினுக்கு ஒரு போன் அனுப்பியிருந்தாங்க. காலைல ஒம்போது மணிக்கு இவரு வண்டி கெளம்புற சத்தம் கேக்கும். அஞ்சு நிமிசத்துல அந்தப் பக்கம் பெயிண்ட் டின்னக் கவுக்கிற சத்தம். அதுமேல ஏறி நின்னா அந்தப் பொண்ணு தல செவுத்துக்கு மேல தெரியும். என் பொண்ணு இந்தப் பக்கம் ஸ்டூலு மேல நின்னுக்கினு போன செவுத்து மேல வெப்பா. மிஸ் பேரு கூப்ட்டா, ரெண்டு பக்கத்துலருந்தும் 'உள்ளேன் மிஸ்'னு சொல்லுவாங்க. ஏழு மாசம் மிஸ். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. நின்னுக்கினே."

அந்த வருஷம் பூவிழி முகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. 'ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்குது, நீ எங்கடி வெயில்ல சுத்தற?' என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்! 'துணி காயப்போட்டேம்பா' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"மழ நாள்ல ஒரு கைல கொட, ஒரு கைல நோட்டு. எழுதறதுக்குக் கை ஏது? எல்லாத்தையும் காதாலயே புடிச்சிக்கினு போய் அப்புறமா எழுதுவா. என் பொண்ணு பாத்துப் பாத்து எழுதினதுல தப்பு இருக்கும், கேட்டுக்கினு போன பொண்ணு நோட்டுல இருக்காது. எங்க மூணு பேருக்கும் கொரோனா வந்து வாசல்ல தகரம் அடிச்சிட்டாங்க இல்ல, அப்ப ஜாஸ்லினால நிக்க முடியல. போன செவுத்து மேல வெச்சிட்டுக் கயித்துக் கட்டல்ல படுத்துக்கினே ஆஜர் சொல்லுவா. அந்தப் பொண்ணுதான் ரெண்டு நோட்டுல எழுதி, ஒண்ண எங்க பக்கம் போடும். அந்த நோட்டு இல்லன்னா என் பொண்ணு அந்த வருசப் பாடத்த விட்டிருப்பா."

"செவுத்து மேல போன் நிக்குமா? வழுக்கி வுழாது?" என்று வெற்றிவேல் கேட்டார்.

அல்போன்ஸ் மெதுவாகச் சொன்னான். "செவுத்து மேல கண்ணாடி இருந்துது. ஒரு சாண் அளவுக்கு மட்டும் ரெண்டு பொண்ணுங்களும் கல்லால தட்டி எடுத்தாங்க. அந்த எடத்துல வெச்சாங்க."

அந்த ஒரு சாண்! எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் சுவரில் ஒரு சாணுக்குக் கண்ணாடியே இல்லை. இவன் வேலைதான் என்று முடிவுகட்டி, "எவன்டா என் செவுத்துல கைய வெச்சவன்?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. பதில் வரவில்லை. செய்தவன்தானே வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்து, இன்னும் கூர்மையான துண்டாகப் பொறுக்கிப் பதித்தேன். ஒரே வாரத்தில் மறுபடியும் காணோம். மறுபடியும் பதித்தேன். யார் வகுப்பறையை அடைக்கிறேன் என்று தெரியாமல் அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"ரெண்டாவது வாட்டி எடுக்கும்போது அந்தப் பொண்ணு உள்ளங்கையக் கிழிச்சிக்கிச்சு. என் வீட்டுக்காரி ஞானமேரிதான் செவுத்து மேலயே கைய வாங்கித் தொடச்சிக் கட்டுப் போட்டா. மூணாவது வாட்டி புள்ளைங்கள விடல, நானே எடுத்துட்டேன். நாலாவது வாட்டி அவரு வெக்கல."

அருவாமனை வெட்டிவிட்டது என்றல்லவா என்னிடம் சொன்னாள்! 'ஒரு கத்திரிக்கா அரியத் தெரியல, நீயெல்லாம் நர்சாகி ஊசி போடப் போறியா?' என்று கேட்டேனே. அந்தக் கட்டோடுதான் அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டாள்.

நாலு வருஷம் கழித்து அல்போன்சிடம் முதல் வார்த்தை பேசினேன். "ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவனும் இப்போதுதான் என்னைப் பார்த்தான். "சொல்லத்தான் வந்தேன். உன் பொண்ணுதான் தடுத்துட்டா. 'எங்கப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா. போன் வாங்கித் தர முடியலன்னு ஏற்கெனவே மனசொடிஞ்சி கெடக்குறாரு. இதையும் கேட்டா தாங்க மாட்டாரு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுது. பதினஞ்சு வயசுப் பொண்ணு கும்பிடும்போது நான் இன்னா பண்றது?"

கவிநிலா டீச்சர் பூவிழியை உள்ளே கூப்பிட்டு, அவள் வலது கையை விரித்துப் பார்த்தார். தழும்பு அங்கேயே இருந்தது, சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டுப் பக்கம் வரை.

"ஹெச்.எம். மிஸ்கிட்ட நானே சொல்றேன். காரைக்காலுக்கும் பேசிடறேன். ஆனா இது எழுத்துல இருக்கணும் சார். அந்தக் கட்டத்துல நீங்க எழுதுங்க, பாத்தவர் சாட்சி போடட்டும்" என்றார்.

படிவத்தை வாங்கி, 'செல்போன் இல்லை' என்பதை அடித்தேன். பேனா பிடித்துப் பழகாத கை. சிலிண்டர் தூக்குகிற கைக்கு அந்தப் பேனா அவ்வளவு கனத்தது. இப்படி எழுதினேன்: 'பக்கத்து வீட்டோடு சண்டை போட்டுச் சுவர் மேல் கண்ணாடி பதித்தது நான். அதுதான் தடை. என் மகள் இரண்டு தடவை எடுத்தாள். நான் திரும்பத் திரும்ப வைத்தேன். இப்படிக்கு, அவள் அப்பா.'

அல்போன்சிடம் நீட்டினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டு, பேனாவை என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டான்.

பூவிழி படிவத்தை எடுத்துப் பார்த்தாள். "அப்பா, கீழ இன்னொரு கட்டம் இருக்கு. 'உதவியவர்கள்'னு. அத வுட்டுட்ட."

ஜாஸ்லின், அல்போன்ஸ், ஞானமேரி என்று வரிசையாக எழுதினேன். கோணல் மாணலாக வந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தேன்.

"உம் பேரையும் எழுதுப்பா."

"அடிப் போடி. நான் இன்னா உதவி பண்ணேன்?"

"நாலாவது வாட்டி நீ வெக்கல இல்ல? ஏதோ புரிஞ்சிக்கினுதான் அப்பா வுட்டுட்டாருன்னு நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு எவ்ளோ சந்தோசப்பட்டோம் தெரியுமா? அதுக்கப்புறந்தான் நிம்மதியா படிச்சேன்."

என் கையைப் பிடித்துப் பேனாவை அந்தக் கட்டத்தில் அவளே வைத்தாள். அவள் உள்ளங்கைத் தழும்பு என் விரல்மேல் பட்டது. வாய் நீளம் என்று ஊரில் பேர் எடுத்தவன் நான். வீட்டில் சிமெண்ட் தீர்ந்துவிட்டது, அதனால்தான் நாலாவது தடவை வைக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.