கேட்டில் நின்ற பதினொரு பேர்

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது ஜானட்டின் வேலை. நாற்பது சர்வர்கள். அவற்றில் ஓடும் மென்பொருள்களுக்கும் மனிதர்களைப் போலவே தனித்தனி கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அத்தனையையும் மாற்றியாக வேண்டும். கையால் மாற்றினால் இரண்டு நாள் போகும். ஓர் எழுத்து பிசகினாலும் ஏதாவது ஒன்று படுத்துவிடும். அலுத்துப்போய், எல்லாவற்றையும் தானே மாற்றிவிடும் ஒரு ஸ்கிரிப்டை எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதை ஓட்டினாள். நான்கே நிமிடம். திரையில் வரிசையாகப் பச்சை. ஜானட் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு டீ சொன்னாள்.

டீக்கு முன்னால் போன் வந்தது. மெயின் கேட் சூப்பர்வைசர் பிராங்கிளின்.

"இன்னா மேடம் பண்ணி வெச்சீங்க? எந்த வண்டிக்கும் பாஸ் போட முடியல. எண்ணூர் ரோடு வரைக்கும் டிரெய்லர் நின்னுகினு கீது!"

"கேட் சர்வர் நல்லாத்தானே ஓடுது அண்ணே?"

"அது ஓடுது. நாங்கதான் நின்னுட்டோம்."

ஓடிப்போய்ப் பார்த்தாள். கேபின் சுவரில், வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே, ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் பழைய பாஸ்வேர்டு. மென்பொருளுக்கு மட்டுமே உரியது என்று அவள் நினைத்திருந்த கணக்கில், கேட்டின் பதினொரு பேரும் வருடக்கணக்காக நுழைந்துகொண்டிருந்தார்கள்.

"இது மெஷினோட பாஸ்வேர்டு அண்ணே! எந்த வண்டியை யார் விட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தப்புன்னு எனக்கும் தெரியும். ஆளுக்கொரு லாகின் குடுங்கன்னு எழுதிப் போட்டேன். 'முடிந்தது'ன்னு பதில் வந்துச்சு. லாகின்தான் வர்ல."

ஜானட் போனில் பழைய விண்ணப்பங்களைத் தேடினாள். இருந்தது. மூடியவர் பெயரும் இருந்தது. தேங்கிக் கிடந்த அறுபதை ஒரே நாளில் படிக்காமலே மூடிய மாதம் அது.

"மூடினது நான்தான் அண்ணே."

பிராங்கிளின் வெளியே நின்ற வரிசையைக் கைகாட்டினார். "சரி வுடுங்க. மொதல்ல வண்டிய அனுப்புங்க."

பழைய பாஸ்வேர்டை ஒரே கட்டளையில் திருப்பிப் போட்டுவிடலாம். வெளியே ஹாரன்கள் அலறின. ஜானட் போடவில்லை. "அரை மணி குடுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, பதினொரு லாகின்களை உருவாக்க உட்கார்ந்தாள். அதுவரை பிராங்கிளின் வண்டி எண்களை நோட்டில் எழுதி, திட்டிய டிரைவர்களைத் திருப்பித் திட்டி, வரிசையைக் கலையாமல் பிடித்து வைத்தார்.

அவருடைய முறை வந்தபோது, கம்ப்யூட்டர் அவர் கொடுத்த பாஸ்வேர்டுகளை 'மிக எளிது' என்று மூன்று முறை தள்ளிவிட்டது. நான்காவதை, தோளால் கீபோர்டை மறைத்துக்கொண்டு அடித்தார். ஏற்றுக்கொண்டது.

"இன்னா வெச்சீங்க அண்ணே?" என்று அவர் பாஷையிலேயே கேட்டாள்.

"அத்தப் போயி வெளிய சொல்லுவாங்களா?"

பன்னிரண்டு மணிக்குள் ரோடு காலியானது. ஜானட் மேஜைக்குத் திரும்பி, மீதி ஐம்பத்தொன்பது விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலாவது எடைமேடையிலிருந்து வந்திருந்தது: பிரிண்டர் தாளைத் தின்கிறது, தயவுசெய்து யாராவது வரவும்.