குழாய்ப் புத்தகத்தில் ஒரு மீசை

அச்சகத்தில் பக்கம் கோக்கிறவளுக்கு அன்று காலையிலேயே உச்சி குளிர்ந்துவிட்டது. குழாய் வேலைக்காரர்களுக்கான கையேட்டை ஒருவழியாக முடித்திருந்தாள். அதில் பக்கத்துக்குப் பக்கம் வால்வுக் குறி வரும். இரண்டு முக்கோணங்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். அச்சகத்தின் எழுத்துருவில் அது கிடையாது. அவளே வரைந்து, எழுத்துருவில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் அதைக் குடிவைத்து, எண்ணும் கொடுத்தாள். சாய்கோடு போட்டு அந்த எண்ணைத் தட்டினால் தாளில் வால்வு வந்து விழும். தட்டும்போது திரையில் வெறும் எண்தான் தெரியும்.

வால்வுக்குப் பக்கத்து இடத்தில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர். ஒரு வட்டக் கண்ணாடி, கீழே அகல மீசை, அவ்வளவுதான் படம். அதுவும் அவள் வரைந்ததுதான். ஆனால் அச்சு அசல் அவரேதான். வேலை அலுக்கும்போதெல்லாம் தனிக் கோப்பில் அவருடைய எண்ணைத் தட்டி, முன்னோட்டத்தில் ஒரு முறை கண்ணாரப் பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். அவர்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. நேரில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அச்சகத்தை நடத்துகிற அண்ணி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? குழாய்க்கெல்லாம் மீசை முளைச்சிருக்கு!"

தாளை வாங்கிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாய்க்குக் குழாய் அவர் உட்கார்ந்திருந்தார். அடுப்படிக் குழாயில் ஒருவர், குளியலறைக் குழாயில் இருவர். பாழாய்ப்போன விரல்கள் பழகிய எண்ணையே புத்தகம் நெடுகத் தட்டித் தொலைத்திருந்தன.

"அண்ணி, இது வேற யார்கிட்டயாவது போச்சா?"

"மெய்ப்புப் பாக்க அவர்கிட்ட ஒரு பிரதி கொடுத்துட்டேனே! கொடுத்துட்டுத்தான் நானே பிரிச்சுப் பாத்தேன்."

முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். அது அவருக்கும் தெரியும். அப்படிச் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். இனி அவளையும் அந்தக் கும்பலில் சேர்த்துவிடுவார், அப்புறம் ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். சுருட்டை முடி பறக்க, செருப்பைக்கூட மாட்டாமல் அவர் அறைக்கு ஓடினாள்.

அவர் பென்சிலும் கையுமாக இருந்தார். நிமிராமலே வாசித்தார்.

"'கசிவு இருந்தால் இதை உடனே கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் விடவும்.' எனக்கா மேடம் எண்ணெய் விடணும்?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இந்த நேரத்திலா சிரிப்பு வரவேண்டும்! உதட்டைக் கடித்தாள்.

"நீங்களும் கேலி பண்றீங்களா?" என்றார். குரல் கம்மியிருந்தது. அந்தக் குரலில் சிரிப்பெல்லாம் வடிந்துபோனது.

"சத்தியமா கேலி இல்ல சார். வால்வோட நம்பர் வேற. உங்க நம்பர தட்டித் தட்டி கை பழகிடுச்சு, அதான் தானா அங்க போயிடுச்சு."

"என் நம்பரா? அத எதுக்குத் தட்டுனீங்க?"

"உங்கள பாக்கத்தான்."

சொல்லியாயிற்று. காது மடல் சுட்டது. கதவுக்குப் பின்னால் அண்ணியின் வளையல்கள் குலுங்குவது கேட்டது.

"எப்பவாவதா?"

"தினமும் சார். சில நாள் சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். மீசைக்குக் கீழே என்னவோ நடந்துகொண்டிருந்தது. அதை அடக்கப் படாத பாடு பட்டு, தோற்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டார். பிறகு தாளை இழுத்து, சமையலறைக் குழாய்மேல் இருந்த தன் முகத்துக்குப் பக்கத்தில், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும் கூர்முனைக் குறியைப் போட்டார். ஓரத்தில் சுருட்டை முடியோடு ஒரு முகம் வரைந்தார். படம் கண்றாவியாக இருந்தது. ஆனால் யாரென்று தெரிந்தது.

"இந்த எழுத்து உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல சார். புதுசா செய்யணும்."

"செய்யுங்க." அவர் இரண்டு முகங்களையும் ஒரு வளைகோட்டால் சேர்த்தார். "நடுவுல மட்டும் இடைவெளி விட்றாதீங்க."